537 ஓட்டுல முடிஞ்ச தேர்தல், எண்ணாம விட்ட 1,75,000 ஓட்டு: புளோரிடா 2000

புளோரிடா 2000 பத்தி பேச்செடுத்தா எல்லாரும் முதல்ல சொல்ற நம்பர் 537. ஜார்ஜ் புஷ் 29,12,790, அல் கோர் 29,12,253, வித்தியாசம் 537, அதை வச்சு அமெரிக்காவோட ஜனாதிபதி யாருன்னு முடிவாச்சு, கதை முடிஞ்சுது. எனக்கு அந்த தேர்தல்ல ரொம்ப நாளா மனசை அறுக்கிற நம்பர் வேற. சுமார் 60 லட்சம் பேர் ஓட்டு போட்ட மாநிலம் அது, அதுல ஏறக்குறைய 1,75,000 சீட்டு ஜனாதிபதி கணக்குல ஏறவே இல்ல. 1,13,000 சீட்டு கிட்ட ஒருத்தருக்கு மேல குத்தியிருக்குன்னு மெஷின் தள்ளிடுச்சு, மிச்சம் 61,000 சொச்சத்துல யாருக்குமே குத்தலன்னு தள்ளிடுச்சு. ஜெயிச்ச வித்தியாசத்தை மாதிரி 300 மடங்குக்கும் மேல செல்லாத ஓட்டு. அந்த செல்லாத ஓட்டெல்லாம் எங்க விழுந்துச்சு, ஏன் விழுந்துச்சு, அது யாரோட ஓட்டு, இதைத்தான் நான் இங்க எழுதப் போறேன், யார் நியாயமா ஜெயிச்சாங்கங்கிற சண்டை அதுக்கு அப்புறம்தான்.

முதல்ல ஒரு விஷயம், தெரியாதவங்களுக்கு. அமெரிக்காவுல ஜனாதிபதிக்கு நாடு முழுக்க விழுற ஓட்டை கூட்டிப் பார்த்து முடிவு பண்றது இல்ல. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனைன்னு எலக்டோரல் ஓட்டு உண்டு, பெரும்பாலும் அந்த மாநிலத்துல ஜெயிக்கிறவருக்கு மொத்தமும் போகும், அப்படி 270 எடுத்தா பதவி. 2000ல நாடு முழுக்க பார்த்தா கோர்தான் 5 லட்சத்துக்கும் மேல முன்னாடி, ஆனா புளோரிடாவோட 25 எலக்டோரல் ஓட்டு யாருக்குன்னு தெரியாம ரெண்டு பேருமே 270ஐ தொட முடியல. இன்னொண்ணு, நம்ம ஊர்ல டெல்லியில ஒரு தேர்தல் கமிஷன் இருந்து கன்னியாகுமரியிலயும் காஷ்மீர்லயும் ஒரே மாதிரி ஓட்டு போட வைக்குது, அங்க அப்படி கிடையாது. புளோரிடாவுல 67 கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி, ஒவ்வொரு கவுண்டிக்கும் தனி தேர்தல் அதிகாரி, சீட்டு எப்படி அச்சடிக்கணும் எந்த மெஷின் வாங்கணும்ங்கிறதெல்லாம் பெரும்பாலும் அவங்க கையிலயும் கவுண்டி பட்ஜெட் கையிலயும். 24 கவுண்டியில பஞ்ச் கார்டு, அதாவது துளை குத்துற அட்டை, 41 கவுண்டியில பேனா/பென்சிலால அடையாளம் வச்சு ஸ்கேன் பண்ற சீட்டு, ஒண்ணுல பழைய லீவர் மெஷின், ஒண்ணுல சும்மா காகிதம், கையால எண்ணினாங்க. இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வரப்போற எல்லாத்துக்கும் வேர் இதுதான்.

நவம்பர் 7 ராத்திரி நடந்தது பாதி பேருக்கு தெரிஞ்சிருக்கும். 8 மணிக்கு கொஞ்சம் முன்னாடியே டிவிக்காரங்க புளோரிடா கோருக்குன்னு சொல்லிட்டாங்க, அப்போ மாநிலத்தோட மேற்குக் கோடியில, அவங்க பான்ஹேண்டில்னு சொல்ற பகுதியில, ஒரு மணி நேரம் பின்தங்குன கடிகாரம், ஓட்டுச்சாவடியே இன்னும் மூடல. 10 மணி வாக்குல அதை வாபஸ் வாங்கினாங்க. விடியக்காலை 2 மணிக்கு மேல புஷ் ஜெயிச்சுட்டார்னு ஒரு சேனல் சொல்ல மத்தவங்களும் பின்னாடியே சொல்ல, கோர் போன் போட்டு புஷ்ஷுக்கு வாழ்த்து சொல்லிட்டு நாஷ்வில்ல தோல்வியை ஒத்துக்கிற பேச்சு பேச கார்ல கிளம்பிட்டார், வழியில ஆளுங்க தடுத்து வித்தியாசம் கரைஞ்சுட்டே வருதுன்னு சொல்ல, திரும்பி வந்து மறுபடி போன் போட்டு நான் சொன்னதை வாபஸ் வாங்குறேன்னார். அந்த தப்பான அறிவிப்புக்கு ஒரு காரணம் வொலுசியா கவுண்டி. அங்க 600 வாக்காளர் கூட இல்லாத ஒரு பூத்தோட மெமரி கார்டு கோளாறுல கோரோட கணக்குல இருந்து 16,022 ஓட்டு கழிஞ்சிருச்சு. கூட்டல் இல்லைங்க, கழித்தல், மைனஸ். அதை கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டாங்க, ஆனா அதுக்குள்ள அந்த எண் டிவி ஸ்டுடியோவுக்கு போய் சேர்ந்துடுச்சு.

காலையில எழுந்தப்போ வித்தியாசம் 1,784. அரை சதவீதத்துக்கு கீழ இருந்தா தானாவே மறு எண்ணிக்கைங்கிறது அந்த மாநில சட்டம், அப்படி மெஷின்ல மறுபடி ஓட்டினதுல வித்தியாசம் 300 சொச்சத்துக்கு வந்துருச்சு. அதே சீட்டு, அதே மெஷின், ரெண்டாவது தடவை வேற கணக்கு.

இப்போ பாம் பீச் கவுண்டிக்கு வரேன். இங்க கொஞ்சம் நின்னு நிதானமா பார்க்கணும். 1998ல புளோரிடா அரசியல் சாசனத்துல ஒரு திருத்தம் வந்துச்சு, சின்ன கட்சிகளும் சுலபமா தேர்தல்ல நிக்கலாம்னு. நல்ல திருத்தம்தான். அதனால 2000ல ஜனாதிபதிக்கு மட்டும் 10 பேர் சீட்டுல. பாம் பீச் தேர்தல் அதிகாரி தெரசா லெபோர், கோரோட ஜனநாயகக் கட்சியில பதிவு பண்ணிருந்தவங்கதான், அங்க வயசானவங்க ஜாஸ்தி, 10 பேரையும் ஒரே பக்கத்துல அடைச்சா எழுத்து பொடிசா போயிடும்னு யோசிச்சு, எழுத்தை பெருசாக்கி பேருங்களை ரெண்டு பக்கமா பிரிச்சு நடுவுல ஒரே வரிசை துளை வச்சாங்க. பட்டாம்பூச்சி சீட்டுன்னு உலகம் பூரா பேர் வாங்குனது இதுதான். கெட்ட எண்ணம் துளியும் இல்ல, பெரியவங்களுக்கு வசதியா இருக்கணும்னு செஞ்சது.

அந்த பூத்துக்குள்ள நிக்கிற ஒரு 75 வயசு அம்மாவா உங்களை நினைச்சுக்கங்க. கார்டை மெஷினுக்குள்ள சொருகியாச்சு, மேல புத்தகம் மாதிரி விரிஞ்சிருக்கு. இடது பக்கம் முதல் பேரு புஷ், ரெண்டாவது பேரு கோர். நடுவுல துளை வரிசை. ரெண்டாவது பேரு, அதனால ரெண்டாவது துளைன்னு கை தானா போகும். ஆனா ரெண்டாவது துளை வலது பக்கம் இருக்கிற பேட் பியூக்கானனோடது. கோரோட துளை மூணாவது. ஒரு சின்ன அம்புக்குறி போட்டிருக்காங்க, கண்ணு தெரிஞ்சா, பதட்டம் இல்லாம இருந்தா, பின்னாடி வரிசை நிக்காம இருந்தா அது புரியும். பியூக்கானன் யாருன்னா தீவிர வலதுசாரி, யூதர்கள் விஷயத்துல அவர் எழுதுனதும் பேசுனதும் கடுமையா விமர்சனம் வாங்கியிருக்கு. பாம் பீச்ல ஓய்வு பெற்ற யூதக் குடும்பங்க ஏராளம், அதுவும் அந்த வருஷம் கோருக்கு துணையா நின்ன லீபர்மேன் ஒரு பெரிய கட்சி சார்புல துணை ஜனாதிபதிக்கு நின்ன முதல் யூதர். அந்த கவுண்டியில பியூக்கானனுக்கு 3,400 ஓட்டு. மாநிலத்துல வேற எந்த கவுண்டியிலயும் அவருக்கு இதுல மூணுல ஒரு பங்கு கூட வரல, அடுத்த இடம் பினெல்லாஸ், ஆயிரம் சொச்சம். பியூக்கானனே டிவியில வந்து இதுல பெரும்பாலானது என் ஓட்டு மாதிரி தெரியலன்னு ஒத்துக்கிட்டார்.

இது தற்செயலா, இல்ல சீட்டுதான் காரணமான்னு கேக்குறவங்களுக்கு ஒரு அருமையான சாட்சி இருக்கு. தபால்ல ஓட்டு போட்டவங்களுக்கு பாம் பீச்ல பட்டாம்பூச்சி சீட்டு கிடையாது, சாதாரண சீட்டுதான். அதே கவுண்டி, அதே தேர்தல். பூத்துக்கு போய் போட்டவங்க மத்தியில பியூக்கானனுக்கு கிடைச்ச விகிதம், தபால் ஓட்டுல கிடைச்சதை மாதிரி சுமார் நாலு மடங்கு. அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் இதை எடுத்து வச்சு குறைஞ்சது 2,000 கோர் ஓட்டு பியூக்கானன் பக்கம் போயிடுச்சுன்னு கணக்கு போட்டாங்க. 537ஐ ஒரு தடவை திரும்பி பாருங்க.

இது தப்பான ஆளுக்கு போன ஓட்டு மட்டும்தான். தப்பு பண்ணிட்டோம்னு தெரிஞ்சு கோர் துளையிலயும் சேர்த்து குத்துனவங்க, கட்டத்துல ரெண்டு பேர் இருக்காங்களே, ஜனாதிபதிக்கு ஒண்ணு துணை ஜனாதிபதிக்கு ஒண்ணுன்னு நினைச்சு ரெண்டு குத்துனவங்க, இவங்க ஓட்டெல்லாம் மொத்தமா செல்லாது. பாம் பீச்ல மட்டும் இப்படி ரெண்டு குத்தின சீட்டு 19,000க்கு மேல. பின்னாடி பத்திரிகைக்காரங்க எடுத்து பார்த்தப்போ கோரும் பியூக்கானனும் சேர்ந்து விழுந்தது 5,000க்கு மேல, புஷ்ஷும் பியூக்கானனும் சேர்ந்தது 1,600 சொச்சம். இதுல கொடுமை என்னன்னா இதை எந்த மறு எண்ணிக்கையாலயும் சரி பண்ண முடியாது. ரெண்டு துளை இருக்கு, எந்த துளை நிஜம்னு எந்த நீதிபதி சொல்லுவார்?

டூவல் கவுண்டி, ஜாக்சன்வில் இருக்கிற இடம், அங்க இன்னொரு விதம். அங்க 10 பேரை ரெண்டு பக்கமா அடுத்தடுத்து வச்சாங்க, முதல் பக்கத்துல அஞ்சு பேர், புரட்டினா அடுத்த அஞ்சு பேர். தேர்தலுக்கு முன்னாடி பார்த்துக்கச் சொல்லி கொடுத்த சாம்பிள் சீட்டுல எல்லா பக்கத்துலயும் ஓட்டு போடுங்கன்னு அச்சடிச்சிருந்துச்சு. சொன்னதை அப்படியே செஞ்சாங்க மக்கள், முதல் பக்கத்துல ஒண்ணு ரெண்டாவது பக்கத்துல ஒண்ணு. சுமார் 22,000 சீட்டு போச்சு. கறுப்பின மக்கள் வாழுற பூத்துகள்ல இது ரொம்ப அதிகம், முதல் தடவையா ஓட்டு போட வந்தவங்களும் நிறைய, ஏன்னா முந்தின வருஷம்தான் கவர்னர் ஜெப் புஷ், வேட்பாளரோட சொந்த தம்பி, இட ஒதுக்கீடு மாதிரியான சலுகைகளை நிறுத்தி உத்தரவு போட்டிருந்தார், அந்த கோவத்துல ஊர் ஊரா ஆளுங்களை பதிவு பண்ணி கூட்டிட்டு வந்திருந்தாங்க.

குத்தலன்னு மெஷின் தள்ளுன சீட்டு வேற கதை. பஞ்ச் கார்டுல ஒவ்வொரு பேருக்கும் நேரா முன்னாடியே கோடு வெட்டி வச்ச ஒரு சின்ன சதுரம் இருக்கும், ஊசி மாதிரி ஒரு குச்சியால குத்துனா அந்த பொட்டுக் காகிதம் பிய்ஞ்சு கீழ விழணும். அதுக்கு பேரு சாட். மெஷின் பழசு, உள்ள இருக்கிற ரப்பர் பட்டை இறுகிப் போயிருக்கும், அடியில பழைய சாட் குமிஞ்சு கிடக்கும், கார்டு சரியா உக்காந்திருக்காது, மெதுவா குத்துற கையா இருக்கும், அப்போ பிய்யாது. ஒரு மூலையில ஒட்டிக்கிட்டு தொங்கும், இல்லன்னா குழி மட்டும் விழும். வெளிச்சம் போற ஓட்டை இருந்தாத்தான் மெஷினுக்கு ஓட்டு. தொங்குற சாட், குழி விழுந்த சாட், வயிறு தள்ளுன மாதிரி உப்பி நிக்கிறதால கர்ப்பிணி சாட்னு அதுக்கு பேருங்க வச்சு, ஒரு நீதிபதி கண்ணாடியை நெத்தியில தூக்கி விட்டுட்டு பூதக்கண்ணாடியை வச்சு ஒரு கார்டை உத்துப் பாக்குற போட்டோ உலகம் முழுக்க போச்சு. அந்த போட்டோவை பார்த்து சிரிச்சவங்க நிறைய பேர். எனக்கு சிரிப்பு வந்ததே இல்ல, வந்து வரிசையில நின்னு போட்ட ஒரு மனுஷனோட ஓட்டை தேடுறார் அவர்.

கோர் தரப்பு நாலு கவுண்டியில கை எண்ணிக்கை கேட்டாங்க: பாம் பீச், பிராவர்ட், மயாமி டேட், வொலுசியா. நாலுமே அவங்களுக்கு சாதகமான இடம். இது அவங்க பண்ணுன பெரிய தப்புன்னு நான் நினைக்கிறேன். எல்லா ஓட்டையும் எண்ணுங்கன்னு மேடையில சொல்லிட்டு நாலு கவுண்டிக்கு மட்டும் மனு கொடுத்தா யார் நம்புவாங்க. முழு மாநிலத்துக்கும் எண்ணலாம்னு கோர் ஒரு யோசனை சொன்னார், புஷ் மறுத்துட்டார், ஆனா கோர்ட்ல போய் நின்னது நாலு கவுண்டி கணக்கோடதான். எதிர்ப்பக்கம் மாநிலச் செயலாளர் கேத்தரின் ஹாரிஸ், முடிவை சான்றிதழ் பண்ண வேண்டிய அதிகாரி, அவங்களே புளோரிடாவுல புஷ் பிரசாரக் குழுவோட இணைத் தலைவர். எந்த நாட்டுலயும் இது நடக்கக் கூடாது.

மயாமியில நவம்பர் 22 அன்னைக்கு எண்ணுற இடத்துக்கு வெளிய புஷ்ஷோட குடியரசுக் கட்சி ஊழியர்கள் கதவை தட்டி கூச்சல் போட்டு ரகளை, நல்ல கோட்டு சூட்டு போட்டவங்க எல்லாம், அதுல பலர் வெளியூர்ல இருந்து வந்தவங்க. அன்னைக்கே எண்ணிக்கையை நிறுத்திட்டாங்க, நேரம் பத்தாதுன்னு காரணம் சொன்னாங்க. பாம் பீச்ல நன்றி கூறும் நாளுக்கு ஒரு நாள் லீவு விட்டுட்டு நவம்பர் 26 சாயங்காலம் 5 மணி கெடுவை ரெண்டு மணி நேரத்துல தவற விட்டாங்க, மறுநாள் காலை வரை அவகாசம் கேட்டும் ஹாரிஸ் தரல, எண்ணுனது வரைக்கும் எடுத்துக்கங்கன்னதும் எடுபடல. அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி சான்றிதழ் ஆன வித்தியாசம்தான் 537.

இந்த 537க்குள்ள வெளிநாட்டுல இருக்கிற அமெரிக்கர்களோட தபால் ஓட்டும் இருக்கு. தேர்தலுக்கு அப்புறம் வந்த வெளிநாட்டு ஓட்டு, ராணுவத்துல இருக்கவங்களோடது நிறைய, 2,490 ஏத்துக்கிட்டாங்க. அதுல 680 ஓட்டு தேதி முத்திரை இல்லாம, சாட்சி கையெழுத்து இல்லாம, சட்டப்படி குறை உள்ளதுன்னு அடுத்த வருஷம் ஒரு பத்திரிகை விசாரணை எழுதுச்சு. ராணுவ வீரர் ஓட்டுக்கு சந்தேகத்தோட பலனை கொடுக்கலாம்னு லீபர்மேனே டிவியில சொல்லிட்டார், அது நல்ல மனசு, நான் குறை சொல்லல. அதே சந்தேகத்தோட பலன் ஜாக்சன்வில்ல முதல் தடவை ஓட்டு போட்ட பொண்ணுக்கும் கிடைச்சிருக்கணும்.

கோர்ட் பகுதியை சுருக்கமா சொல்றேன். டிசம்பர் 8 அன்னைக்கு புளோரிடா உச்ச நீதிமன்றம் 4க்கு 3ன்னு, மாநிலம் முழுக்க குத்தலன்னு தள்ளுன சீட்டை கையால பாருங்கன்னு உத்தரவு போட்டுச்சு. மறுநாள் காலையில எண்ண ஆரம்பிச்சாங்க, அன்னைக்கே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4ல தடை போட்டுச்சு. டிசம்பர் 12 ராத்திரி தீர்ப்பு: ஒரு கவுண்டியில தொங்குற சாட் ஓட்டு, இன்னொரு கவுண்டியில குழி விழுந்தாலே ஓட்டுன்னு வேற வேற அளவுகோல் வச்சு எண்ணுறது அரசியல் சாசனத்தோட சம பாதுகாப்புக்கு, அதாவது சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்ங்கிறதுக்கு, விரோதம்னு ஏழு நீதிபதிகளுக்கு குறை தெரிஞ்சுது, ஆனா சரி பண்ணி எண்ண நேரம் இல்லன்னு சொன்னது அஞ்சு பேர். இந்த தீர்ப்பு இந்த வழக்கோட சூழ்நிலைக்கு மட்டும்தான்னும் எழுதி வச்சாங்க. மறுநாள் கோர் நாட்டு மக்கள்கிட்ட பேசி தோல்வியை ஒத்துக்கிட்டார்.

கவுண்டிக்கு கவுண்டி வித்தியாசம் அநியாயம்னு கோர்ட் சொன்ன அந்த வாதத்தை நான் முழுசா ஏத்துக்கிறேன், அதனாலதான் கேட்ஸ்டன் கவுண்டியை பத்தி எழுதாம முடிக்க மனசு வரல. தலைநகர் டாலஹாசி இருக்கிறது லியான் கவுண்டியில, ரெண்டு அரசு பல்கலைக்கழகம், வசதியான ஊர். அரை மணி நேரம் கார்ல மேற்க போனா கேட்ஸ்டன், கறுப்பின மக்கள் பெரும்பான்மையா இருக்கிற ஏழை கவுண்டி. ரெண்டுலயுமே அடையாளம் வச்சு ஸ்கேன் பண்ற சீட்டுதான். லியான்ல ஸ்கேனர் பூத்திலயே இருக்கும், தப்பா போட்டிருந்தா அங்கேயே சீட்டை வெளிய துப்பிடும், புதுசு வாங்கி சரியா போட்டுட்டு வீட்டுக்கு போகலாம். கேட்ஸ்டன்ல சீட்டையெல்லாம் பெட்டியில போட்டு ஒரே இடத்துக்கு கொண்டு போய் ஸ்கேன் பண்ணாங்க, தப்பு தெரியும்போது போட்டவங்க வீட்டுல தூங்கிட்டு இருப்பாங்க. பேருங்க ரெண்டு பத்தியா பிரிஞ்சிருந்துச்சு, சிலர் கோருக்கு அடையாளம் வச்சுட்டு கீழ பேரை எழுதச் சொல்ற கோட்டுலயும் கோர்னு எழுதிட்டாங்க. யாருக்கு போட்டாங்கன்னு ஒரு குழந்தை கூட சொல்லிடும். மெஷின் ரெண்டு ஓட்டுன்னு தள்ளிடுச்சு. லியான்ல ஆயிரத்துக்கு ரெண்டு ஓட்டு கூட வீணாகல, கேட்ஸ்டன்ல எட்டுல ஒண்ணு.

எட்டுல ஒரு ஓட்டு. ஒரு வீட்டுல அப்பா அம்மா, தாத்தா பாட்டி, நாலு பெரிய பிள்ளைங்க போய் போட்டா அதுல ஒருத்தர் போகாததுக்கு சமம். மாநிலம் முழுக்கவும் இதே கதைதான், பூத்துலயே ஸ்கேனர் இருந்த இடங்கள்ல செல்லாத ஓட்டு 1 சதவீதத்துக்கும் கீழ, பஞ்ச் கார்டு கவுண்டிகள்ல 4 சதவீதம் கிட்ட. கறுப்பினத்தவர் ஓட்டு தள்ளப்படுற வாய்ப்பு மத்தவங்களை மாதிரி ஏறக்குறைய பத்து மடங்குன்னு அமெரிக்க சிவில் உரிமை ஆணையம் 2001 அறிக்கையில சொல்லுச்சு. சாட் எண்ணுற அளவுகோல்ல இருந்த வித்தியாசத்தை பார்த்த கோர்ட்டுக்கு இந்த வித்தியாசம் சரி பண்ண வேண்டியதா படல.

பூத் வாசலையே தாண்ட முடியாதவங்களும் இருந்தாங்க. குற்றத் தண்டனை வாங்குனவங்களுக்கு அப்போ புளோரிடாவுல ஓட்டுரிமை இல்ல, 1868 சாசன காலத்து சட்டம். அவங்களை பட்டியல்ல இருந்து எடுக்க மாநில அரசு ஒரு தனியார் கம்பெனிக்கு காண்ட்ராக்ட் கொடுத்துச்சு, பேரு ஏறக்குறைய ஒத்துப் போனாலே போதும்னு வலையை அகலமா விரிக்கச் சொன்னாங்க, ஒரு தப்பும் பண்ணாத ஆளுங்க பேரும் அதுல வந்துச்சு. சில கவுண்டி அதிகாரிங்க அந்த பட்டியலை நம்பாம தூக்கி வச்சுட்டாங்க, சிலர் அப்படியே பேரை அடிச்சாங்க.

சரி, யார்தான் ஜெயிச்சாங்க? பத்திரிகைகள் சேர்ந்து சிகாகோ பல்கலைக்கழகத்தோட சேர்ந்த ஆய்வு மையத்தை வச்சு அந்த 1,75,000 சீட்டையும் ஒண்ணொண்ணா பார்த்து 2001 நவம்பர்ல முடிவை வெளியிட்டாங்க. கோர் கேட்ட நாலு கவுண்டியை மட்டும் எண்ணியிருந்தா புஷ்தான். புளோரிடா உச்ச நீதிமன்றம் சொன்னபடி குத்தாத சீட்டை மட்டும் எண்ணியிருந்தாலும் புஷ், சில நூறு ஓட்டுல. மாநிலம் முழுக்க ரெண்டு குத்துன சீட்டையும் சேர்த்து, எழுதிக் காட்டுன நோக்கத்தையும் எடுத்துக்கிட்டு எண்ணியிருந்தா கோர், அதுவும் 60ல இருந்து 171 ஓட்டுக்குள்ள. அந்த வழியை ரெண்டு தரப்புமே கோர்ட்ல கேக்கல. பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடர் 97,000 ஓட்டை பிரிச்சதாலதான்னு கோர் ஆதரவாளர்கள் இன்னும் சொல்றாங்க, அது பாதி உண்மை, ஆனா அன்னைக்கு சீட்டுல இருந்த எட்டு சின்ன வேட்பாளர்ல ஒவ்வொருத்தருமே 537க்கு மேல வாங்கியிருக்காங்க, கடைசி ஆள் வாங்குனது 562. தனக்கு பிடிச்சவங்களுக்கு போட்டவங்களை குத்தம் சொல்றதுக்கு முன்னாடி போட்டும் எண்ணப்படாதவங்களை பார்க்கணும்.

2001லயே புளோரிடா பஞ்ச் கார்டுக்கு தடை போட்டுச்சு, பெரிய கவுண்டிகள் தொடுதிரை மெஷினுக்கு மாறினாங்க. 2006ல சாரசோட்டா பகுதியில காங்கிரஸ், அதாவது அவங்க நாடாளுமன்றத்துக்கு தேர்தல், அதே கேத்தரின் ஹாரிஸ் காலி பண்ணுன தொகுதி, அந்த கவுண்டியில தொடுதிரையில 18,000 பேரோட ஓட்டு அந்த போட்டியில மட்டும் பதிவாகல, ஜெயிச்ச வித்தியாசம் 369. அந்த தடவை திரும்ப எண்ண காகிதமே இல்ல. அடுத்த வருஷம் மாநிலம் மறுபடி காகிதச் சீட்டுக்கு மாற சட்டம் போட்டுச்சு. 2018ல பிராவர்ட் கவுண்டியில செனட் போட்டியை சீட்டோட இடது ஓரத்துல, மூணு மொழியில நீளமா போட்ட விதிமுறைக்கு அடியில, கீழ் மூலையில அச்சடிச்சாங்க, விதிமுறைக்கு கீழ போட்டியை வைக்காதீங்கன்னு மத்திய வழிகாட்டுதல் ஏற்கனவே இருந்தும். கவர்னருக்கு ஓட்டு போட்டவங்கள்ல சுமார் 25,000 பேர் செனட்டுக்கு போடல. மாநிலம் முழுக்க அந்த செனட் போட்டியோட வித்தியாசம் 10,033.